இரும்புக்கு வயசாகாது!

ஒன்றேகால் லட்சத்துக்கு வாங்கிய பழைய செடான். ஏறக்குறைய அதே விலைக்குக் கற்றுக்கொண்ட பாடங்கள்

"மடக்கிப் பாருங்க சார்" என்று அதை என் கையில் வைத்தார் மெக்கானிக்.

கறுப்பு ரப்பர் பெல்ட். இரண்டு விரல் அகலம், உள்பக்கம் வரிசையாகப் பற்கள். மடக்கினேன். கோடையில் வற்றிய கண்மாய் போல மேற்பரப்பு வெடித்து விரிந்தது. ஓரத்தில் ஒரு பல், நகத்தால் சுரண்டினாலே கையோடு வந்துவிடும் போலிருந்தது.

"டைமிங் பெல்ட். உள்ள பிஸ்டனுக்கும் வால்வுக்கும் தாளம் தப்பாம பாத்துக்கறது இதுதான். ரோட்ல போகும்போது அறுந்திருந்தா, வால்வு இறங்குற நேரத்துல பிஸ்டன் மேல வந்து இடிச்சிருக்கும். ஹெட்டைக் கழட்டணும், வால்வு மாத்தணும். வண்டி வாங்கின காசுல கால்வாசி அங்கேயே போயிருக்கும்."

வண்டி வாங்கி அன்றைக்கு நான்காவது நாள். 2009-ல் பதிவான பெட்ரோல் செடான். 2021-ல் என்னிடம் வந்தபோது அதற்கு 12 வயது. மீட்டர் காட்டியது 58,000 கிலோமீட்டர். "இவ்வளவு கம்மியா ஓடின வண்டி கிடைக்கவே கிடைக்காது, நீங்க கொடுத்து வச்சவர்" என்று விற்றவர் சொல்லியிருந்தார். அதையே நானும் பெருமையாகத் திருப்பிச் சொன்னேன். மெக்கானிக் கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே ஒரு பதில் சொன்னார். அடுத்த நான்கு வருஷமும் என் வண்டி ஓடியது அந்தப் பதிலில்தான்.

"இரும்புக்கு வயசாகாது சார். ரப்பருக்குத்தான் வயசாகும். அதுக்கு மீட்டர் கணக்கு கிடையாது. காலண்டர் கணக்குதான்."

கப்பல் மாதிரி கார்

குழந்தையிடம் ஒரு கார் வரையச் சொல்லுங்கள். முன்னால் ஒரு மேடு, நடுவில் உயரமாக ஒன்று, பின்னால் இன்னொரு மேடு. அதுதான் செடான். நம் மனதில் கார் என்றால் டிக்கி வைத்த கார். "கப்பல் மாதிரி கார்ல வந்து இறங்கினாங்க" என்று கல்யாண வீட்டில் யாரும் சின்னக் காரைப் பார்த்துச் சொல்வதில்லை.

இந்தக் கப்பல்களில் பல சென்னையைச் சுற்றியே கட்டப்பட்டவை. வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் ஹெரால்டையும் கெஸலையும் செய்த காலம் ஒன்று உண்டு. அடுத்த அலை 1990-களின் கடைசியில் வந்தது. 1998-ல் திருவள்ளூரில் மிட்சுபிஷி லான்சர், 1999-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆக்சென்ட், அதே ஆண்டு மறைமலை நகரில் ஃபோர்டு ஐகான். இரண்டு வருஷத்துக்குள் நகரத்தைச் சுற்றி மூன்று செடான்கள்.

அப்புறம் கப்பலின் நீளத்தை வரி வெட்டியது. 2006 மத்திய பட்ஜெட்டில் 4 மீட்டருக்குள் இருக்கும் சிறிய என்ஜின் கார்களுக்கு உற்பத்தி வரி 24 சதவீதத்திலிருந்து 16 ஆகக் குறைந்தது. கம்பெனிகள் டேப்பை எடுத்துக்கொண்டு டிக்கியை அளக்க ஆரம்பித்தன. 2008-ல் வந்தபோது 4 மீட்டரைத் தாண்டி நீண்டிருந்த மாருதி டிசையர், 2012-ல் 3,995 மில்லிமீட்டருக்குள் தன்னைச் சுருக்கிக்கொண்டது. பின்னால் யாரோ கத்தி வைத்துச் சீவியது போன்ற அந்த டிக்கிக்குக் காரணம் டிசைனர் அல்ல, நிதி அமைச்சகம்.

இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. நாட்டில் விற்கும் புதுக் கார்களில் பாதிக்கு மேல் எஸ்.யு.வி. வகைதான். உயரமாக உட்கார வேண்டும் என்பது புது ஆசை. அதனால், ஒரு காலத்தில் வங்கி மேலாளரும் டாக்டரும் மட்டுமே ஓட்டிய நீள வண்டிகள் இன்று சின்னக் கார் விலைக்கும், சில சமயம் அதற்குக் கீழும் இறங்கி வருகின்றன. என்னைப் போன்ற மாதச் சம்பளக்காரன் கப்பல் வாங்க முடிந்தது இந்தக் காற்று மாறியதால்தான்.

ஆனால் யானையை வாங்கியவன் அங்குசத்துக்கும் காசு வைத்திருக்க வேண்டும். பழைய வண்டியின் விலை இரண்டு தவணை. முதல் தவணை விற்றவருக்கு, இரண்டாவது மெக்கானிக்குக்கு. முதல் தவணையை மட்டும் எண்ணிக்கொண்டு போகிறவர்கள்தான் ஆறே மாதத்தில் 'அவசர விற்பனை' விளம்பரம் கொடுக்கிறார்கள்.

முதலில் மெக்கானிக், அப்புறம் வண்டி

நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், வண்டிக்கு முன் மெக்கானிக்கைத் தேடியது. அம்பத்தூரில் வேப்பமரத்தடியில் ஷெட். போர்டு கிடையாது. எல்லோரும் அவரை "மாஸ்டர்" என்கிறார்கள், நானும் அப்படியே. கூட வந்து வண்டி பார்க்க 500 ரூபாய், மேற்கொண்டு டீ.

முதல் வண்டியை அவர் பார்க்கவே இல்லை. பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். "சூடா இருக்கு, வாங்க போலாம்." எனக்குப் புரியவில்லை. திரும்பும் வழியில் விளக்கினார். காலையில் குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் அதன் நோய் வெளியே தெரியும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. டக்டக் சத்தம் கேட்டால் உள்ளே தேய்மானம். நாம் வருவதற்கு முன்பே ஒருவர் வண்டியைச் சூடாக்கி வைத்திருக்கிறார் என்றால், எதையோ மறைக்கிறார்.

இரண்டாவது வண்டி பளபளவென்று இருந்தது. பாலிஷ், புது சீட் கவர், புது மேட். மாஸ்டர் சீட் பெல்ட்டை முழுவதுமாக வெளியே இழுத்தார். அடியில், வழக்கமாக யாரும் இழுக்காத இடத்தில், காப்பிக் கறை போல ஒரு கோடு. அடுத்து டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி குழிக்குள் விரலை விட்டுக் காட்டினார். மெல்லிய வண்டல்.

"2015 வெள்ளத்துல குளிச்ச வண்டி."

சென்னையில் பழைய கார் வாங்குகிறவர்கள் இரண்டு டிசம்பர்களை மறக்கக் கூடாது: 2015 பெருவெள்ளம், 2023 மிக்ஜாம். என்ஜினுக்குள் தண்ணீர் போன நிலையில் சாவியைத் திருப்பினால், காற்றைப் போலத் தண்ணீர் அழுந்தாது என்பதால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதையாவது பிரித்துச் சரிசெய்யலாம். கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் ஒயரிங்கில் புகுந்த ஈரத்தை யாராலும் முழுதாக எடுக்க முடியாது. இன்றைக்கு ஹார்ன் அடிக்காது, நாளைக்கு வைப்பர் தானாக ஓடும், அடுத்த மாதம் நடுரோட்டில் வண்டி நிற்கும்.

மூன்றாவதுதான் என் வண்டி. கீறல்கள் இருந்தன, பின் பம்பரில் ஒரு பள்ளம். பானெட் சில்லென்று இருந்தது. விற்றவர் பழைய சர்வீஸ் ரசீதுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். மாஸ்டர் ரசீதுகளைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "மூணு வருஷமா சும்மா நின்னிருக்கு. செலவு இருக்கும். ஆனா ஏமாத்தல."

அன்றைக்குத்தான் தெரிந்தது, பழைய கார் வாங்கும்போது நாம் வாங்குவது முந்தைய ஓனரை.

காகிதத்தில் ஒரு கண்

ஒரு விஷயத்தில் அவசரம் கூடாது, தாமதமும் கூடாது. அது ஆர்.சி. புக்கில் பெயர் மாற்றம். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து. கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35-ம். வண்டியைக் கைமாற்றிக் கொடுத்தவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். "ஓபன் கையெழுத்துப் போட்டுத் தந்துடறேன், அப்புறம் மாத்திக்கங்க" என்பது புரோக்கர்களின் செல்லப் பேச்சு. 2018-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் தெளிவாகச் சொல்லிவிட்டது: பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே ஓனர். வண்டி நான்கு கை மாறிப்போயிருந்தாலும், விபத்து நடந்தால் இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் இருப்பவருக்குத்தான். ஆகவே இதில் வாங்குகிறவரைவிட விற்கிறவர்தான் அதிகம் பதற வேண்டும்.

இன்னொன்று, டெல்லி வண்டி. தலைநகரில் 10 வருஷ டீசல், 15 வருஷ பெட்ரோல் வண்டிகள் மீதான கட்டுப்பாடு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம்வரை போன கதை. அந்தப் பயத்தில் அங்கிருந்து மலிவாகக் கிளம்பும் வண்டிகள் தெற்கே வருகின்றன. விலை கண்ணைப் பறிக்கும். தடையின்மைச் சான்று, இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டின் ஆயுள் வரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் பறித்த கண் திரும்ப வந்துவிடும்.

ரப்பர் கணக்கு

வாங்கிய முதல் வாரத்திலேயே வண்டிக்கு ஒரு 'புது வருஷம்' கொண்டாட வேண்டும் என்பது மாஸ்டரின் விதி. பழைய ஓனர் எதை எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். டைமிங் பெல்ட், அதற்குப் பின்னால் இருக்கும் வாட்டர் பம்ப், ரேடியேட்டர் ஹோஸ்கள், எல்லா ஆயில்களும், பில்டர்களும், பிரேக் ஆயிலும். "பம்பு இன்னும் நல்லாத்தானே இருக்கு?" என்றேன். "அது ஆறு மாசம் கழிச்சுக் கசிஞ்சா, இதே பெல்ட்டைத் திரும்பக் கழட்டிக் கூலி கொடுக்கணும். ஒரே ஆபரேஷன்ல ரெண்டு வியாதியும் முடியட்டும்."

பிரேக் ஆயிலும் கிலோமீட்டர் பார்க்காது. அது காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். குடித்துக் குடித்து, கொதிநிலை இறங்கிவிடும். ஏற்காடு மலையில் இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தால் அந்த ஈரம் உள்ளே ஆவியாகி, பெடல் பஞ்சு போல அமுங்கும். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும். பெரிய செலவும் இல்லை. ஆனாலும் பெரும்பாலானவர்கள் தொடுவதே இல்லை.

டயரும் அப்படித்தான். என் வண்டியின் டயர்களில் பூ நிறைய இருந்தது, நான் மகிழ்ந்தேன். மாஸ்டர் டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் இருந்த நான்கு எண்களைக் காட்டினார்: 3212. 2012-ஆம் ஆண்டின் 32-வது வாரத்தில் பிறந்த டயர். ஒன்பது வயது. பூ உதிராமலேயே கல்லாகிப்போயிருந்தது. மழையில் அது ரோட்டைப் பிடிக்காது.

அடுத்தது சஸ்பென்ஷன். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்கம் கடக் கடக்கென்று தட்டும். ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்று நினைத்து நான்கையும் மாற்றக் கிளம்புவார்கள் பலர். என் வண்டியில் போயிருந்தது லோயர் ஆர்ம் புஷ்ஷும் லிங்க் ராடும். இரும்பு ஆர்முக்குள் ரப்பர் புஷ், அதற்குள் போல்ட்டு. ரப்பர் பிளந்துவிட்டால் இரும்பும் இரும்பும் பேச ஆரம்பித்துவிடும். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் பழைய புஷ்ஷை பிரஸ்ஸில் வைத்துத் தள்ளிவிட்டுப் புதியதை ஏற்றினார்கள். அதற்கே ஒரு வித்தை உண்டு: வண்டி தரையில் நின்று, தன் எடையைத் தாங்கும் நிலையில்தான் அந்த போல்ட்டைக் கடைசியாக முறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே முறுக்கினால், இறக்கிய நொடியிலிருந்து ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும்; ஒரு வருஷம் தாங்காது.

இப்படித்தான் எனக்குப் பழைய கார் புரிய ஆரம்பித்தது. என்ஜின் பிளாக்கும் கியர் பாக்ஸும் எளிதில் சாவதில்லை. அவற்றுக்கு நடுவே இருக்கும் மெத்தென்ற சங்கதிகள், அதிர்ச்சியை வாங்கிக்கொள்பவை, கசியாமல் அடைப்பவை, அவைதான் முதலில் போகின்றன. அவற்றைக் கவனிக்காமல் விட்டால்தான் இரும்பு உடைகிறது.

வெயிலூருக்கு எதற்கு தெர்மோஸ்டாட்?

வண்டி லிட்டருக்கு 9 கிலோமீட்டர்தான் கொடுத்தது. ஏ.சி.யைக் காரணம் சொன்னார்கள், டிராஃபிக்கைச் சொன்னார்கள். செங்கல்பட்டு வரை ஹைவேயில் போனபோதும் அதே கணக்கு. வெப்பமானி முள் பாதிக்குக் கீழேயே படுத்திருந்தது. என்ஜின் கூலாக இருக்கிறதே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

மாஸ்டர் தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தார். காலி. முன்பு எப்போதோ, யாரோ ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி எறிந்திருக்கிறார். "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு சார்" என்று சொல்லியிருப்பார். நம் ஊரில் இது ஒரு தொற்று வைத்தியம். வண்டி சூடேறினால் காரணத்தைத் தேடாமல் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்குவது.

தெர்மோஸ்டாட் என்பது ஒரு வாசற்காவலாளி. என்ஜின் 80 டிகிரியைத் தாண்டும் வரை ரேடியேட்டருக்குத் தண்ணீரை விடாது. என்ஜின் சீக்கிரம் சூடானால்தான் பெட்ரோல் ஒழுங்காக எரியும். காவலாளி இல்லையென்றால் என்ஜின் எப்போதும் விடியற்காலையிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டர் அதைக் குளிர் என்று நினைத்துப் பெட்ரோலை அதிகம் ஊற்றிக்கொண்டே இருக்கும்.

ரேடியேட்டரைத் திறந்தால் செங்கல் நிறத்தில் தண்ணீர். போர்வெல் தண்ணீரையே வருஷக்கணக்கில் ஊற்றியிருக்கிறார்கள். டீக்கெட்டிலில் படிகிற உப்பு உள்ளே குழாய்களில் படிந்திருந்தது. அந்த உப்பால்தான் வண்டி சூடேறியது; அதற்குத் தண்டனை தெர்மோஸ்டாட்டுக்கு. ரேடியேட்டரைக் கழுவி, புது தெர்மோஸ்டாட் போட்டு, கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதி ஊற்றினோம். அடுத்த மாதம் ஹைவேயில் 13 கிலோமீட்டர்.

ஸ்க்ரூடிரைவரும் ஸ்கேனரும்

ஒருநாள் டேஷ்போர்டில் மஞ்சள் நிற என்ஜின் விளக்கு எரிந்தது. நான் ஏற்கெனவே ஆன்லைனில் ஒரு குட்டி ஸ்கேனர் வாங்கி வைத்திருந்தேன். செருகினால் மொபைலில் பி0171 என்று வந்தது. கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். இரவெல்லாம் வீடியோ பார்த்துவிட்டு ஆக்ஸிஜன் சென்சார்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். விலை பல ஆயிரம்.

மாஸ்டர் ஸ்கேனரை வாங்கிப் பார்த்தார். மதித்தார். "இது 'வயித்து வலி'ன்னு சொல்லுது. எதனாலன்னு சொல்லல." என்ஜினை ஓடவிட்டு, நீண்ட ஸ்க்ரூடிரைவரின் முனையை ஒவ்வொரு இடமாக வைத்துக் கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். பின் பாட்டிலில் இருந்து தண்ணீரை மெல்லிய ஹோஸ்களின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் என்ஜின் சத்தம் சட்டென மாறியது. விரல் நீள வேக்யூம் ஹோஸ். கண்ணுக்குத் தெரியாத கீறல் வழியே காற்றை இழுத்துக்கொண்டிருந்தது. 80 ரூபாய்.

மறுபடியும் ரப்பர்.

புதுப்பேட்டையில் ஒரு பகல்

பழைய வண்டிக்காரனுக்குச் சென்னையில் இரண்டு கோயில். புது சாமானுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜி.பி. ரோடு. பிரித்த சாமானுக்குப் புதுப்பேட்டை.

ஒரே பார்ட் மூன்று பெட்டியில் வரும் என்பது ஜி.பி. ரோட்டில் கற்றது. கார் கம்பெனி முத்திரை போட்ட பெட்டி ஒன்று. அந்தக் கம்பெனிக்கே சாமான் செய்து தரும் தொழிற்சாலை தன் சொந்தப் பெயரில் விற்கும் பெட்டி இன்னொன்று. பாடியில் இருக்கும் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா போன்றவை இந்த வகை. உள்ளே ஏறக்குறைய அதே தரம், விலை குறைவு. மூன்றாவது, முதல் பெட்டியைப் பார்த்து அச்சடித்த டூப்ளிகேட். "பிரேக், ஸ்டியரிங், பெல்ட் இந்த மூணுல மட்டும் பேரம் பேசாதீங்க" என்பார் மாஸ்டர். "மிச்சத்துல உங்க இஷ்டம்."

புதுப்பேட்டையில் நுழைந்தால் கார்கள் உறுப்பு உறுப்பாகத் தொங்கும். கதவுகள் ஒரு சுவர், ஹெட்லைட்டுகள் ஒரு சுவர், நடைபாதையில் கியர் பாக்ஸ்கள். எனக்குத் தேவைப்பட்டது இடது பின்கதவுக் கண்ணாடியை ஏற்றி இறக்கும் மெஷின். கம்பெனியில் ஸ்டாக் இல்லை. கடைக்கார பாயிடம் மாடல் சொன்னேன்; வருஷத்தைக் கேட்டார்; "அந்த வருஷம் நடுவுல கிளிப்பை மாத்திட்டான், பழசா புதுசா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. கழற்றிய மெஷினைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பார்த்த மாத்திரத்தில் உள்ளே ஒரு பையனுக்குக் குரல் கொடுத்தார். பத்து நிமிஷத்தில் அது வந்தது.

எந்த செடான் வாங்குவது என்று கேட்பவர்களுக்கு இங்கேதான் விடை இருக்கிறது. எந்த மாடலின் உறுப்புகள் இங்கே அதிகம் தொங்குகின்றனவோ அது. கால் டாக்ஸியாக ஓடும் மாடலுக்குச் சாமான் பஞ்சமே வராது; அந்த மாடலை வாங்குங்கள், ஆனால் டாக்ஸியாக ஓடிய வண்டியை வாங்காதீர்கள். கம்பெனி நாட்டை விட்டுப் போனால் வண்டி அநாதையாகிவிடும் என்பதும் முழு உண்மையில்லை. ஃபோர்டு 2021-ல் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. ஐகான்கள் இன்னும் ஓடுகின்றன. அம்பாசடர் தயாரிப்பு நின்றது 2014-ல். அதற்கும் இன்னும் பார்ட்ஸ் உண்டு. சாமானும் அதை மாட்டத் தெரிந்த கையும் இருக்கும் வரை வண்டிக்குச் சாவில்லை.

பெட்ரோலும் மாறிவிட்டது

2025-ல் நம் பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாகிவிட்டது. எத்தனாலில் லிட்டருக்குக் கிடைக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும். பழைய வண்டிக்காரன் கவலைப்பட வேண்டியது அதற்கல்ல. எத்தனால் சில பழைய வகை ரப்பர்களை ஊறவைத்துக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடிய பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற வேண்டியிருக்கலாம் என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. என் வண்டியில் டேங்கிலிருந்து என்ஜின் வரை வரும் பியூயல் ஹோஸ்களை, எத்தனாலுக்குத் தாங்கும் வகையாகப் பார்த்து, மாஸ்டர் மாற்றிவிட்டார். பெட்ரோல் கசிந்து சூடான என்ஜினில் விழுந்தால் அது ரிப்பேர் இல்லை, தீ. காலையில் பானெட் பக்கம் பெட்ரோல் வாசம் வந்தால் சாவியைத் தொடாதீர்கள்.

கவனிக்க: பழைய செடான் பார்க்கப் போகிறீர்களா?

- காலையில் போங்கள். பானெட் சில்லென்று இருக்க வேண்டும்.
- ஆயில் மூடியின் அடிப்பக்கம் டீ நிறத்தில் நுரை படிந்திருந்தால் ஹெட் கேஸ்கெட் சந்தேகம்.
- நான்கு டயரிலும் பிறந்த வாரம், வருஷம் பாருங்கள்.
- சீட் பெல்ட்டை அடிவரை இழுங்கள். ஸ்டெப்னி குழியில் விரல் விடுங்கள்.
- சின்ன காந்தத்தை பாடியில் ஒட்டிக்கொண்டே வாருங்கள். ஒட்டாத உலோக இடத்தில் உள்ளே இருப்பது பட்டி.
- மீட்டரை நம்பாதீர்கள். தேய்ந்த பெடல் ரப்பரையும் ஸ்டியரிங்கையும் நம்புங்கள்.
- "கேஸ் மட்டும் அடிச்சா ஏ.சி. சில்லுனு ஆயிடும்" என்றால் எங்கோ கசிவு இருக்கிறது. ஏ.சி. கேஸ் பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் அல்ல.
- ஆர்.சி.யில் ஹைப்போதிகேஷன், பாக்கி அபராதம் இரண்டையும் சரிபாருங்கள்.

நோட்டுப் புத்தகம்

பக்கத்து வீட்டுக்காரர் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எவ்வளவுக்கு வாங்கினீங்க?" ஒன்றேகால் லட்சம் என்றதும் அவர் கண்கள் விரியும். இரண்டாவது கேள்வியை அவர் கேட்டதில்லை. கேட்டால் காட்ட நோட்டு இருக்கிறது.

முதல் வாரக் 'கொண்டாட்டம்', பேட்டரி உட்பட 23,500. நான்கு டயர் 16,800. சஸ்பென்ஷன் 18,400. கிளட்ச் செட் 12,600. ஏ.சி. கண்டென்சர் 11,200. டிங்கரிங், பெயின்ட் 15,000. ஆல்டர்னேட்டர் 3,400. நான்கு வருஷ சர்வீஸ் 18,000. மொத்தம் 1,18,900 ரூபாய். வாங்கிய விலைக்கு 6,100 தான் குறைவு. மாதத்துக்குப் பிரித்தால் 2,477. ஏழு லட்சம் கடன் வாங்கிப் புது கார் எடுத்திருந்தால், ஒன்பதரை சதவீத வட்டியில் ஐந்து வருஷத்துக்கு மாதம் சுமார் 14,700 போயிருக்கும்.

ஆனால் இ.எம்.ஐ. தேதி சொல்லிவிட்டு வரும். இது சொல்லாமல் வரும். மாதம் 3,000 ரூபாயை வண்டிக்கென்று தனிக் கணக்கில் போடத் தொடங்கிய பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது. டிங்கரிங்குக்குக் கொடுத்த 15,000 வீண் செலவு என்று மாஸ்டர் இன்றுவரை சொல்கிறார். "கீறல் ஓடாது சார். பிரேக் ஓடும்."

நோட்டில் எழுத முடியாத ஒரு பாக்கியும் உண்டு. என் வண்டியில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது. புதுக் கார்களில் இவை கட்டாயமானதே 2019-லிருந்துதான். எவ்வளவு கொட்டினாலும் பழைய வண்டியில் ஏர்பேக்கைப் பின்னால் பொருத்த முடியாது. அதனால் இந்தக் கப்பலில் எனக்கு இரண்டு சட்டங்கள்: பின் சீட்டிலும் பெல்ட், 80-க்கு மேல் முள் ஏறாது. அடிக்கடி குழந்தைகளோடு ராத்திரி ஹைவே பயணம் போகிறவர் என்றால், பழைய செடான் உங்களுக்கு வேண்டாம் என்றே சொல்வேன்.

பதினைந்தாம் வயது

2024-ல் வண்டிக்கு 15 வயது ஆனது. ஆர்.சி. காலாவதி. வயதைக் காரணம் காட்டி சொந்த உபயோகக் காரை உடைக்கச் சொல்லும் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. சோதனையில் தேற வேண்டும், அவ்வளவுதான். தேறினால் ஐந்து வருஷம் நீட்டிப்பு. ஆனால் 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் முதல் 5,000 ஆகிவிட்டது. 20 வயது தாண்டிய கார்களுக்கு 2025-ல் அதையும் 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. கிழவனை வெளியே போ என்று யாரும் சொல்லவில்லை. வாடகையை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

விற்றுவிடலாமா என்று மாஸ்டரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் என்னோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வந்தார். ஆய்வாளர் சேஸிஸ் எண்ணைப் பார்த்தார், விளக்குகளைப் போடச் சொன்னார், பிரேக்கைப் பார்த்தார். என்ஜினை ஓடவிட்டு இரண்டு நிமிஷம் சும்மா நின்றார். "வண்டியை யார் பாக்கறாங்க?" என்றார். திரும்பி மாஸ்டரைக் காட்டப் போனேன். அவர் எதிர் டீக்கடையில் இருந்தார்.

புதிய ஆர்.சி. வந்தது. 2029 வரை செல்லும். ஸ்வீட் பாக்ஸோடு ஷெட்டுக்குப் போனேன். மாஸ்டர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு என் நோட்டைக் கேட்டு வாங்கினார். கடைசிப் பக்கத்தைத் திறந்து, கிரீஸ் கையோடு ஒரு வரி எழுதிக் கொடுத்தார். விரல் ரேகையும் சேர்ந்து பதிந்திருக்கிறது.

'பெல்ட் - 2026.'

கிலோமீட்டர் எதுவும் போடவில்லை.